ஷீ வென்னின் இரண்டு எழுத்துகள்

3 ஜூன் 2024, திங்கள்

கச்சான் காற்று. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் கப்பல் முகவர் அலுவலகத்தில் யன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் கடதாசியெல்லாம் பறக்கிறது. சீமெந்துக் கப்பலிலிருந்து குடல்வால் சத்திரசிகிச்சைக்காக இறக்கிவிட்ட சீன மாலுமி ஷீ வென்னுக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொல்லியாயிற்று. கப்பல் போய்விட்டது. விமானச் சீட்டை அவனுடைய கம்பனிதான் அனுப்ப வேண்டும். கம்பனியோ, நாங்கள் அனுப்பிய கடிதத்தில் உள்ள பெயரில் ஆளே இல்லை என்கிறது. ஆங்கில எழுத்தில் தேடினால் பதினொரு ஷீ வென் வருகிறார்களாம். சீன எழுத்தில் ஒருவரும் இல்லையாம். ஆள் எனக்கு முன்னால் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடிக்கிறான்.

5 ஜூன்

திரும்பவும் அனுப்பினோம். திரும்பவும் அதே பதில். ஷீ வென் தன் பெயரை எழுதிக் காட்டினான். கடிதத்தோடு வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு ஒன்றுதான். பிறகு என்ன கோதாரிக்கு இல்லை என்கிறார்கள்?

7 ஜூன்

கம்பனியின் கணினிப் பிரிவிலிருந்து விளக்கம் வந்தது. கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது, இலக்கம்தான் தெரியும். சீன அகராதியில் சொற்களை வகுத்துத் தேடுவதற்கு இருநூற்றுப் பதினான்கு தலைப்புக் குறிகள் உண்டு. அவற்றுக்குத் தனி இலக்கங்கள். அதே உருவம் பெயரில் வரும்போது இலக்கம் வேறு. ஷீ என்றால் 'கல்', வென் என்றால் 'எழுத்து'; எங்கள் கடிதத்தில் இருந்த இரண்டும் தலைப்புக் குறிகளாம், பெயரெழுத்துகள் இல்லையாம்.

அந்த இரண்டையும் தேடி எடுத்தது நான். மற்ற மாலுமிகளின் பெயர்களைக் கப்பலின் மின்னஞ்சலிலிருந்து பிரதி எடுத்தேன். இவன் கப்பலில் கடைசியாகச் சேர்ந்தவன், அந்த மின்னஞ்சலில் இல்லை; வார்டில் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்த பெயர்தான் இருந்தது. சீனம் எனக்கு என்ன தெரியும்? இணையத்தில் ஓர் அட்டவணை, கோடுகளின் எண்ணிக்கைப்படி அடுக்கியது. ஐந்து கோட்டில் ஒன்று, நான்கு கோட்டில் ஒன்று, எடுத்துப் போட்டேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

"ஆர் ரைப் பண்ணினது?" என்று முதலாளி குணரத்தினம் சேர் கேட்டார். கடிதத்தின் அடியில், பக்கத்து மேசையில் தற்காலிகமாக வேலை செய்யும் றம்லாவின் பெயர். நான் கொடுத்ததை எடுத்துக் கடிதத்தாளில் போட்டது மட்டும்தான் அவள் செய்தது. சேர் அவளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

8 ஜூன்

ஏன் வாய் திறக்கேல்ல? பதினொரு வருஷமா இருக்கிறன், என்ர வேலை போகாது எண்டும் தெரியும். வெக்கம். வெறும் வெக்கம்தான் — வேற என்ன?

11 ஜூன்

சரியான எழுத்துகளோடு கடிதம் போய் இரண்டு மணித்தியாலத்தில் சீட்டு வந்தது. ஷீ வென் எல்லோருக்கும் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனான். ஆனால் அந்தக் கம்பனி இனிக் கொழும்பு முகவரிடம்தான் போகுமாம்.

பின்னேரம் சேர் றம்லாவிடம் சொன்னார்: "நிரந்தரமாக்கிற கதையை விடுவம் பிள்ளை. நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை." ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறு நாள் இருக்கிறது. என்னைத் திரும்பிப் பாராமல் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

12 ஜூன்

இன்றைக்கும் சொல்லவில்லை.

14 ஜூன்

சொன்னேன். சேர் சிரிக்கிறார். "அட, நீங்களே லோஜினி? மனுசருக்கு வாறதுதானே, விடுங்கோ."

"அப்ப றம்லா?"

"பாப்பம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவருக்கு மேலேயா, எனக்கு மேலேயா, தெரியாது. அவ வராட்டி நானும் வரமாட்டன் எண்டன். முணுமுணுத்துக்கொண்டு திரும்ப வரச்சொல்லிக் கடிதம் எழுதித் தந்தார், நிரந்தர நியமனத்தோடு.

18 ஜூன்

பெருநாளுக்கு மறுநாள் கிண்ணியாவில் றம்லாவின் வீட்டுக்குப் போனேன். அவள் வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். கடிதத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அக்கா. நீங்க கோடு எண்ணி எண்ணி எடுத்தத பக்கத்துல இருந்து பாத்த நான்தானே."

"பிறகேன் சேரிட்டச் சொல்லேல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள். "வேற ஆளப் பாருங்க அக்கா." பிறகு, சாப்பிடுங்க என்றாள். சாப்பிட்டேன்.