ஓரம் உடைந்த எழுத்துகள்

சரவணை,
வேலணை.

அன்பு மகள் நிலாந்திக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீரும் மருமகன் தனுஜனும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க நயினை அம்மனை வேண்டுகிறேன். இங்கே கிணறு வழமைக்கு முன்னரே உவர்த்துவிட்டது, பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்கு வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் நீர் அழுவீர், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

மாசியில் என் கணினி மெதுவாக ஓடுகிறதென்று சொன்னபோது நீர் கனடாவில் இருந்தபடியே இணையம் வழியாக அதற்குள் வந்து ஏதோ தெரிவுகளை மாற்றினீர். வேகம் வந்தது. ஆனால் மறுநாளிலிருந்து திரையில் தமிழ் எழுத்துகள் ஓரம் உடைந்து, எது புள்ளி எது தூசி என்று தெரியாமல் கிடந்தன. திரையைப் படம் எடுத்து உமக்கு அனுப்பினேன். ஐம்பதை நெருங்கினால் கண் அப்படித்தான், மொழிபெயர்ப்பு வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருங்கோ என்றீர். யாழ்ப்பாணத்துக் கண் வைத்தியர் குறை ஒன்றும் இல்லை, இந்தக் கண்ணாடியே போதும் என்றார், ஐந்து நிமிடம் பார்த்தவருக்கு என்ன தெரியும் என்று நான்தான் நம்பவில்லை. இனி ஏலாது என்று வேலை தரும் கொழும்புப் பதிப்பகத்துக்கும், வருகிறேன் என்று உமக்கும் அறிவித்தேன். பாதி முடித்திருந்த உயிரியல் நூலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

போன கிழமை என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த மீனலோசனி வந்தார். திரையைப் பார்த்ததும், "உன்ர கண்ணில ஒண்டுமில்லையடி, எழுத்துத்தான் கோழி கொத்தினமாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். வேகத்துக்காகக் கணினியின் அலங்காரங்களை நிறுத்தும்போது எழுத்தின் ஓரத்தை மென்மையாக்குவதும் சேர்ந்து நின்றுவிடுமாம். அதைத் திரும்பப் போட்டதும் மாதிரிப் பந்திகளைக் காட்டி, எது தெளிவு என்று கணினி கேட்டது. நானே தெரிந்தெடுத்தேன். பழைய கண்ணாடியோடு எல்லாம் வாசிக்க முடிந்தது.

அதுவரை உம்மில் பிழை காணவில்லை, தெரியாமல் நடந்தது என்றே நினைத்தேன். சந்தோசத்தைச் சொல்லத் தொலைபேசி எடுத்தபோது நீர் வேலையில், தனுஜன்தான் பேசினார். "ஓம் மாமி, நீங்கள் அனுப்பின படத்தைப் பாத்து, கண்ணில்லை கணினிதான் பிழையெண்டு அவ அப்பவே கண்டுபிடிச்சவ. நீங்கள் வர ஓமெண்டதால பிறகு சொல்லுவமெண்டு விட்டவ" என்றார். ஒளிக்கத் தெரியாத பிள்ளை, அவரை ஏசாதீர்.

எவர் சொல்லையும் உரசிப்பார்க்கிற நான் வைத்தியரைச் சந்தேகித்தேன், என் கண்ணைச் சந்தேகித்தேன், உம்மை மட்டும் இல்லை. பிள்ளைப்பேற்றுக்கு வாருங்கோ என்று கேட்டிருந்தால் கணினியையும் வேலையையும் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். நீர் கேட்கவில்லை.

கொழும்புக்குத் திரும்பவும் எழுதினேன், அந்த நூல் இனிக் கிடைக்காது, வேறு ஏதும் வந்தால் பார்க்கலாமாம். ஐப்பசியில் வருவேன், உம்முடைய பத்தியச் சாப்பாட்டை வேறொருவரிடம் விடமாட்டேன், அதற்கான மிளகு சீரகச் சரக்கு அரைக்கக் கொடுத்தாயிற்று. ஆனால் திரும்பிவரும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்காதீர். உமக்கும் பிள்ளைக்கும் அம்மன் காவல். கணினியின் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறேன், கேளாதீர்.

அன்புடன்
அம்மா
அம்பிகை