கூட்டினு போற வண்டி

மணிமங்கலம்
14-4-1991

மரியே வாழ்க

அன்புள்ள கணவருக்கு,

உங்க ரோஸி எழுதுறது. நானும் பாப்பாவும் மாதா புண்ணியத்துல சுகமா இருக்கோம். அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி. நீங்க வேளைக்குச் சாப்பிடுறீங்களா, இந்த வாரம் எந்த ஷிப்டு, ஒண்ணும் தெரியல. ஒரு கார்டாவது போடக் கூடாதா?

பாப்பா இப்ப முகம் பாத்துச் சிரிக்கிறா. நெத்தி அப்படியே உங்க நெத்தி. ஆஸ்பத்திரியில ஒரு தரம் பாத்தீங்க, அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து அரை மணி நேரம் இருந்தீங்க. அப்ப பாத்த புள்ள இல்ல இது, வேற புள்ள.

மே மாசம் பொறந்தா மூணு மாசம் முடியுது. மூணாம் மாசம் தாயையும் புள்ளையையும் கூட்டினு போறது வழக்கம்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்க வந்து கூப்பிடாம நானா மூட்டையைத் தூக்கிக்கினு ஒரகடத்துல வந்து நிக்க முடியாது. இங்கயும் ரொம்ப நாள் இருக்க முடியாது, இது அண்ணன் அண்ணி இருக்கிற வூடு. அண்ணிக்கு நல்ல மனசுதான், ஆனா இருக்கிறதே ரெண்டு ரூமு. எந்தத் தேதி வர்றீங்கன்னு எழுதினா அம்மா ஏற்பாடு பண்ணுவாங்க.

உங்க வரவுக்குக் காத்திருக்கும்,
ரோஸி


ஒரகடம்
22-4-1991

அன்பு ரோஸிக்கு,

அருள்நாதன் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். காலையில பக்கத்து வூட்டு ரத்னா அக்கா இட்லி குடுக்கிறாங்க, மத்தியானம் கம்பெனி கேன்டீன்.

மூணாம் மாசம் எனக்கு மட்டும் ஞாபகம் இல்லையா? அதுக்குத்தான் இம்மாம் பாடு. ஆஸ்பத்திரியில சொன்னேனே, குவாரிக்காரர் ஷெட்டுல செடி முளைச்சுக் கெடந்த ஜீப்பு, அது இப்ப நம்ம வூட்டு வாசல்ல நிக்குது. மாடு கட்டி இழுத்தாந்தோம். எப்பவோ மிலிட்டரி ஏலத்துல வந்த சின்ன ஜீப்பு. முன்வீலு, பின்வீலு நாலும் இழுக்கிற ஜாதி. இப்போதைக்கு நாலும் சுத்தவே மாட்டேங்குது, அது வேற விஷயம். அடித்தகடு முழுக்கத் துரு தின்னுடுச்சு. உள்ள உக்காந்து குனிஞ்சா தரை தெரியுது. பிள்ளைப்பாக்கம் அப்பாவு, மிலிட்டரி ஒர்க்‌ஷாப்புல இருந்தவரு, சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "உயிர் கீதுப்பா, ஒடம்புதான் இல்ல"ன்னாரு.

இன்னாத்துக்கு இந்தத் தலைவலின்னு நீ கேப்ப. நம்ம கல்யாணத்தன்னிக்கு நான் புடிச்ச வேன் படப்பை தாண்டி நின்னுபோச்சு. நீ பட்டுப்புடவையோட ரோட்டுல எறங்கி நின்ன. உங்க அண்ணன் சாம்ராஜ் அத்தனை பேர் எதிர்ல இன்னா சொன்னாரு? "மாப்ள, வண்டி தள்ளுறதுக்குத்தான் எங்க வூட்டுல பொண்ணு எடுத்தீங்களா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச, நான் பாத்தேன்.

அதனால சொல்றேன். என் புள்ளையையும் பொண்டாட்டியையும் என் சொந்த வண்டியில, நானே ஓட்டித்தான் கூட்டினு வருவேன். உங்க அண்ணன் வூட்டு வாசல்லதான் வந்து நிக்கும் அது. கொஞ்சம் பொறு.

உன் அருள்


மணிமங்கலம்
10-6-1991

மரியே வாழ்க

அன்புள்ள கணவருக்கு,

மூணாம் மாசம் போயிடுச்சு. மே மாசம் முழுக்க வாசலைப் பாத்துக்கினே இருந்தேன். உங்க பக்கத்துல கூட்டத்துல அந்தத் தலைவரைக் குண்டு வெச்சுக் கொன்னாங்களே, அந்த வாரம் அங்க இன்னா ஆச்சோன்னு எனக்குச் சோறு எறங்கல. ஒரு கார்டு போட்டீங்களா? கடைசியில படப்பையில காய் விக்கிற பொம்பளை சொல்லித்தான் நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சுது.

அண்ணன் கிண்டல் பண்ணது உண்மைதான். அவரு யாரைத்தான் கிண்டல் பண்ணல? அதைச் சொன்னதே இப்ப அவருக்கு ஞாபகம் இல்ல, கேட்டேன். "நானா சொன்னேன்?"னு கேக்கிறாரு. நான் சிரிச்சேன்னு எழுதியிருக்கீங்க. அழுதா மானம் போயிடும்னு சிரிச்சேன். உங்களுக்கு அது தெரியும்னு நெனைச்சுக்கினு இருந்தேன்.

பூசை முடிஞ்சு வெளிய வந்தா நாலு பேரு கேக்கிறாங்க, "இன்னும் கூட்டினு போலயா?"ன்னு. பொட்டப்புள்ளைன்னு மாப்பிள்ளை யோசிக்கிறாரான்னு ஒருத்தி நேராவே கேட்டா. அப்படியான்னு நானும் உங்களைக் கேக்கிறேன். மறைக்காம எழுதுங்க.

இல்லைன்னா பஸ்ஸுல வாங்க. ரெண்டு பஸ் மாறினா வூடு. ஜீப்புல வந்தாத்தான் எனக்கு மதிப்புன்னு நான் உங்ககிட்ட எப்பவாவது சொன்னேனா?

ரோஸி


ஒரகடம்
19-6-1991

அன்பு ரோஸிக்கு,

பொட்டப்புள்ளைன்னு நான் யோசிக்கிறேன்னு எந்த வாய் சொல்லுச்சோ அது அழுகிப்போவும். எனக்குப் பாப்பான்னா உசுரு. நீயே இப்படிக் கேட்டது எனக்கு மனசு ஆறல.

இங்க நெலமை உனக்குத் தெரியாது. மே மாசத்துலேர்ந்து ரோடு பூரா போலீசு. எந்த வண்டி யாருது, எங்கேர்ந்து வந்துச்சு, எல்லாத்துக்கும் கேள்வி. நம்ம ஜீப்புக்கு நம்பர் பிளேட்டே இல்ல. ரெண்டு தரம் வூட்டுக்கே வந்து பாத்துட்டுப் போனாங்க. குவாரிக்காரர் கையெழுத்துப் போட்ட பேப்பரைக் காட்டினப்புறம்தான் விட்டாங்க. பழைய வண்டிச் சாமான் விக்கிற புதுப்பேட்டைக்குப் போய் இன்ஜினுக்குக் கார்புரேட்டர் தேடலாம்னா பையைக் கொட்டிக் காட்டணும்.

ஆனா வேலை நிக்கல. எண்ணெய் டிரம்மை வெட்டி அடித்தகடு போட்டாச்சு. கம்பி பிரஷ் போட்டுத் தேச்சுத் தேச்சு என் விரல்ல தோலே இல்ல. திரும்பத் துரு புடிக்காம ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிச்சதும் பாக்க அழகா இருக்கு, ரோஸி. கம்பெனியில ஓவர்டைம் இல்லாத நேரமெல்லாம் அதோடதான். முன்வீலு இழுக்கிற பல்சக்கரம் மட்டும் இறுகிக் கெடக்கு. அதை வுட்டுட்டு ஓட்டலாம்னு அப்பாவு சொன்னாரு. நாலும் இழுக்கலைன்னா அது இன்னா ஜீப்புன்னு நான் ஒத்துக்கல.

அஞ்சாம் மாசம் கூட்டினு போறதும் வழக்கம்தான். ஜூலையில வரேன். இது சத்தியம்.

அருள்


மணிமங்கலம்
26-7-1991

கணவருக்கு,

ஜூலையும் முடியப் போகுது. புதன்கிழமை நானே வந்தேன். அம்மாகிட்ட ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கினு ரெண்டு பஸ் மாறி வந்தேன். நீங்க ஷிப்டுல இருந்தீங்க. ரத்னா அக்காகிட்ட சாவி வாங்கித் திறந்தேன்.

வழக்கமாவது ஒண்ணாவது, அங்கயே இருந்துடலாம்னுதான் மாத்துத்துணியோட வந்தேன். இதை நீங்க தெரிஞ்சுக்கணும்.

பின்ரூமு செவுரு எங்க? மழையில நனைஞ்சா திரும்பத் துரு புடிக்கும்னு நீங்களே இடிச்சு ஜீப்பை உள்ள தள்ளினீங்கன்னு அக்கா சொன்னாங்க. நாம படுத்த எடத்துல ஜீப்பு நிக்குது. பாப்பாவுக்குத் தொட்டில் கட்டணும்னு நீங்க அளந்து வெச்ச உத்தரத்துல சங்கிலி போட்டு இன்ஜின் தொங்குது. எங்கம்மா சீர் குடுத்த பித்தளை அண்டாவுல மண்ணெண்ணெயில பல்சக்கரம் ஊறுது. அடுப்பு மேல பெயின்ட் டப்பா. புள்ளையைக் கீழ விட ஒரு முழம் எடம் தேடினேன். எங்க கை வெச்சாலும் கிரீஸு. நின்னுக்கினே பால் குடுத்தேன்.

ஒரு மணி நேரம் இருந்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன். எனக்கு ஆத்திரமா வருது. அந்த வூட்ல நான் எங்க படுக்கிறதுன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம்.

ரோஸி


ஒரகடம்
4-8-1991

அன்பு ரோஸிக்கு,

நீ வந்ததை அக்கா சொன்னாங்க. நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம். செவுரு பெரிய விஷயமா? ரெண்டு நாள் வேலை, கட்டிடலாம். அண்டாவைப் புளி போட்டுத் தேச்சாப் பளபளன்னு ஆயிடும்.

நேத்து இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு. அப்பாவு முன்னாடி கைப்புடியைப் போட்டுச் சுத்தினாரு, நாலாவது சுத்துல புடிச்சுக்கிச்சு. நான் அழுதுட்டேன், உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா வெக்கம். முன்வீலும் இழுக்குது. பச்சை பெயின்ட் அடிச்சு, பழைய நம்பரைத் தேடிப் புடிச்சு எழுதியாச்சு. ஜீப்பை வெளிய எடுத்துட்டேன், ரூமைக் கழுவியும் வுட்டாச்சு. செவுரு எடத்துல இப்போதைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கேன்.

ஆகஸ்ட் 18 ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வரேன். பொட்டி படுக்கை எல்லாம் கட்டி வை. உங்க அண்ணனை எங்கயும் போவாம வூட்ல இருக்கச் சொல்லு.

அருள்


மணிமங்கலம்
9-8-1991

மரியே வாழ்க

அன்புள்ள கணவருக்கு,

வாங்க. தார்ப்பாய் இருந்தாலும் பரவாயில்ல, நான் சமாளிச்சுக்கிறேன். போன லெட்டர்ல கோவமா எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. அம்மா ஞாயித்துக்கிழமை பிரியாணி பண்றேன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் வூட்லதான் இருப்பாரு. பாப்பாவுக்கு மஞ்சள் கவுனு தைக்கிறேன்.

உங்க ரோஸி


ஒரகடம்
20-8-1991

அன்பு ரோஸிக்கு,

எப்படி நம்ம வண்டி? உங்க தெருவுல திரும்பினப்ப ஜனம் நின்ன நிலையைப் பாத்தியா? உங்க அண்ணன் மொகம் எப்படிப் போச்சு! "மாப்ள, ஒரு ரவுண்டு போலாமா"ன்னு அவரே கேட்டாரு பாரு, இந்தக் காதால கேட்டேன். அஞ்சு மாசமா நான் இதுக்குத்தானே தவம் கெடந்தேன்.

அவரும் அவரு சிநேகிதங்க நாலு பேரும் ஏறினாங்க. எடம் பத்தலைன்னு உன் பொட்டியையும் துணிமூட்டையையும் எறக்கி வெச்சேன், ஏரிக்கரை ஏறுறப்ப பாரம் ஜாஸ்தி ஆவும் இல்ல. முன்வீலும் இழுக்கிற கியரைப் போட்டு மேட்டுல ஏத்தினேன் பாரு, உங்க அண்ணன் ரெண்டு கையாலயும் கம்பியைப் புடிச்சுக்கினாரு. அப்புறம் இன்னும் ரெண்டு தரம் போலாம்னாரு. அப்படியே நாலு மணி ஆயிடுச்சு.

ஹெட்லைட் எரியல, உனக்கே தெரியும். இருட்டுறதுக்குள்ள ஒரகடம் வந்து சேரணும். பின்சீட்டும் இன்னும் போடல, கைப்புள்ளையோட நீ வெறும் தகட்டுல எப்படி உக்காருவ? அதான் அவசரமாக் கெளம்பிட்டேன். உன்கிட்ட சரியாப் பேச முடியல. பிரியாணி நல்லா இருந்துச்சுன்னு அத்தைகிட்ட சொல்லு.

வர்ற ஞாயிறு 25-ம் தேதி லைட்டும் சீட்டும் போட்டுக்கினு வரேன். ரெடியா இரு.

உன் அருள்


மணிமங்கலம்
2-9-1991

திரு. அருள்நாதன் அவர்களுக்கு,

25-ம் தேதி நீங்க வரல. லைட்டு கெடைச்சிருக்காது. ஏன்னு நான் கேக்கல.

18-ம் தேதி நடந்ததை நீங்க எழுதிட்டீங்க. நான் பாத்ததையும் எழுதிடுறேன். காலையில எட்டு மணிக்கெல்லாம் குளிச்சு, பாப்பாவுக்குப் புதுக் கவுனு போட்டு வாசல்ல நின்னேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் வழியனுப்ப வந்தாங்க. ஒரு பொம்பளை பாப்பா கையில வளையல் போட்டா. நீங்க வந்து எறங்கினதும் அண்ணன் எங்கன்னு கேட்டீங்க. பொட்டியை நான்தான் ஜீப்புல ஏத்தினேன், நீங்கதான் எறக்கினீங்க. திரும்பி வந்து ஏத்துவீங்கன்னு அதும் பக்கத்துலயே நின்னேன். பாப்பா என் இடுப்புல தூங்கி, முழிச்சு, அழுது, மறுபடி தூங்கினா. நாலு மணிக்கு அண்ணனை எறக்கி விட்டுட்டு, ஹாரன் அடிச்சுட்டுப் போனீங்க. அத்தனை பேரை ஏத்தினீங்க, என்னை அந்த ஜீப்புல ஒரு நிமிஷம் உக்காருன்னு சொல்லல. புள்ளையைக் கையில வாங்கல. பொட்டியை நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு உள்ள தூக்கினு வந்தோம். எல்லாரும் பாத்தாங்க. அன்னிக்கு எனக்குச் சிரிக்க வரல.

அண்ணன் உங்களைப் புகழ்ந்துக்கினே இருக்காரு. மாப்பிள்ளை கெட்டிக்காரருன்னு ஊரெல்லாம் சொல்றாரு. உங்களுக்கு வேண்டியது கெடைச்சுடுச்சு, சந்தோஷமா இருங்க.

தாம்பரத்துல துணி ஏத்துமதி கம்பெனியில தையல் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்குச் சேந்தேன். பகல்ல பாப்பாவை அம்மா பாத்துக்குவாங்க. என்னைக் கூட்டினு போக இனிமே வராதீங்க. நான் வர மாட்டேன். பாப்பாவைப் பாக்கணும்னா எந்த ஞாயிறும் வாங்க, யாரும் தடுக்க மாட்டாங்க. வந்தா பஸ்ஸுல வாங்க.

நேத்து பூசைக்கப்புறம் பாப்பாவுக்கு ஞானஸ்நானம் ஆச்சு. இதுக்கு மேல தள்ளிப்போட சாமியார் ஒத்துக்கல. பேரு ஜாஸ்மின் மேரி. தகப்பன் பேரு கேட்டப்ப உங்க பேரைத்தான் சொன்னேன். "அவரு எங்கேம்மா?"ன்னு சாமியார் கேட்டாரு. "ஊர்ல இல்ல சாமி"ன்னேன். ரெண்டு பஸ் தூரத்துல இருக்கிறவரை இல்லைன்னு கோயில்ல நின்னு பொய் சொல்லிட்டோமேன்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். பொய்யாத் தெரியல.

ரோஸி