அண்ணனோட பிரிக்காத கவர்

அண்ணா,

சாப்பாடு அடுப்பு மேடையில மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு. வெளிய போனா சாவியைக் கீழ் வீட்ல கொடுத்துட்டுப் போ. அம்மா அவங்க சாவியை மறந்துட்டுப் போயிட்டாங்க.

மூணு நாளா நீ என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. "அந்த ஆபீஸ்லயே உக்காந்திருக்கே, என் விண்ணப்பம் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டியா"ன்னு கத்தினே. நேத்து கேட்காமலே தெரிஞ்சுபோச்சு.

ஆபீஸ் வேலை கத்துக்கச் சொல்லி ஸ்கூல்ல எங்களை வாரத்துல ரெண்டு நாள் அனுப்புறாங்கல்ல? நேத்து மேனேஜர் ஒரு பெட்டி நிறைய கவரைக் கொடுத்து, காகிதத்தைப் பொடியாக்குற மெஷின்ல போடச் சொன்னார். எல்லாம் நீ கேட்டிருந்த அந்த வேலைக்கு வந்த விண்ணப்பம். ஒண்ணுகூடப் பிரிக்கல. அவரோட மச்சினன் போன மாசமே சேர்ந்தாச்சாம். பல்லைக் குத்திக்கிட்டே சொல்றார். என் பயிற்சி டைரியில, "கோப்புப் பராமரிப்பு கற்றுக்கொண்டேன்"னு எழுதச் சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

உன் கவரை மட்டும் பைக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வந்துட்டேன். மேசை டிராயர்ல இருக்கு. இனிமே தபாலுக்காக வாசல்ல போய் நிக்காதே.

பி.கு. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாயைத் திறக்காதே.

இன்னொண்ணு. உன்னோடது கைக்கு வர்றதுக்குள்ள நாப்பது கவராவது போட்டிருப்பேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும்தான் மெஷினை நிறுத்தினேன். அதை எடுத்து வெச்சுட்டு, மறுபடி மெஷினைப் போட்டு, மீதியையும் முடிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.