காப்புக் கட்டுக்குள் போன கீர்த்தனா

என் உசிரான அக்காவுக்கு,

முதலில் உன்னைத் திட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். இப்படியா நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவாய்? மார்கழியில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, நெஞ்சை அடைக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. திருத்த வைத்திருந்த அரையாண்டுத் தாளெல்லாம் மேசையில் அப்படியே கிடந்தது. யாரிடம் சொல்லிவிட்டுப் போனாய் நீ?

கடை நடக்கிறது. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ், பிரவுசிங், லேமினேஷன் என்று என்னதான் போர்டு போட்டாலும், கணக்கு டீச்சர் தம்பி கடை என்றால்தான் இன்னமும் ஆளுக்குத் தெரிகிறது. பெரிய காலேஜுக்கு அப்ளிகேஷன் போடும் பிள்ளைகளை நீ கூட்டிவந்து உட்காரவைப்பாயே, அந்த மூலை பெஞ்சில் இப்போது பேப்பர் பண்டலை அடுக்கிவிட்டேன். கோபப்படாதே. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கீர்த்தனா போகவில்லை அக்கா.

உன் கீர்த்தனாதான். பெங்களூரில் கணக்கை மட்டுமே படிக்கிற அந்த இடம், நாடு முழுக்கப் பரீட்சை வைத்து ஒரு கைப்பிடிப் பிள்ளைகளை மட்டும் எடுப்பார்கள் என்று நீ இரண்டு வருஷமாய் அவள் காதில் ஓதிக்கொண்டே இருந்தாயே. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ரிசல்ட்டைக் கடையில் நான்தான் பார்த்தேன். பார்த்ததும் கத்தியே விட்டேன், ஆதார் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் பதறிப்போனார்கள். உன் போட்டோவைப் பார்த்து, "பாத்தியா, ஒம் புள்ள ஜெயிச்சுட்டா" என்று அழுதேன். இனி இன்டர்வியூ ஒன்றுதான் பாக்கி என்று இருந்தோம்.

வைகாசியில் இன்டர்வியூ. அதே வாரத்தில் அவர்கள் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா வைத்துவிட்டார்கள். உனக்குத் தெரியாததா? காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், திருவிழா முடிகிறவரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது. கட்டும்போது வெளியே இருந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முன்பு ஒரு தடவை அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தியை நீ காப்புக்கு முன்பே நம் வீட்டுக்குக் கூட்டிவந்து, இங்கிருந்தே ரயில் ஏற்றினாய். நானும் அதையே செய்தேன். காப்புக் கட்டுகிற அன்று காலையிலேயே கீர்த்தனா பையோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் ரயில். நானும் என் வீட்டுக்காரி மல்லிகாவும் கூடப் போவதாக ஏற்பாடு. மல்லிகா வழிக்குப் புளியோதரை கிளறுவதற்குப் புளியெல்லாம் ஊறப்போட்டுவிட்டாள்.

மத்தியானம் போன் வந்தது. குவைத்திலிருந்து அவள் அப்பா லீவு கிடைத்து, யாரும் எதிர்பாராமல் திருச்சியில் வந்து இறங்கிவிட்டார்.

"மூணு வருசம் ஆச்சுண்ணே அப்பாவப் பாத்து. ஒரு எட்டுப் பாத்துட்டு சாயங்கால பஸ்ஸுல வந்துர்றேன்" என்றாள்.

வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சாயங்கால பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை. கடைசி பஸ்ஸிலும் இல்லை. அங்கே ராத்திரி காப்புக் கட்டி முடித்துவிட்டார்கள்.

விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் அப்பா நல்ல மனுஷன், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"தப்பா நெனைக்காதீங்க. இப்ப எம் புள்ளைய அனுப்பி, நாளைக்கு ஊருக்குள்ள யாருக்காச்சும் ஒன்னுன்னா அவ தலையிலதான வந்து விடியும்? டீச்சரம்மா இருந்து வந்து சொல்லியிருந்தா ஊரே கேட்டிருக்கும். நானும் விட்டுருப்பேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஒங்க மாரியாத்தாளுக்கு அம்புட்டுக் கண்ணு இருந்தா எங்க அக்காவ ஏங்க கொண்டு போனா?" என்று கத்திவிட்டேன். கீர்த்தனா உள்ளே கதவோரம் நின்றாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. புதுச் சட்டை வாங்கித் தந்திருக்கிறார் போலிருக்கிறது, மடிப்புக் கலையாமல் போட்டிருந்தாள். வந்த வழியே திரும்பினேன். என் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை.

இன்டர்வியூ அன்று கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. இந்நேரம் பேர் கூப்பிட்டிருப்பார்கள், இந்நேரம் வரவில்லை என்று குறித்திருப்பார்கள் என்றே மனசு அடித்துக்கொண்டது. ஒருத்தர் ரேஷன் கார்டு கேட்டால் ஓட்டர் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் அந்த மனுஷனை மனசுக்குள் எவ்வளவோ ஏசினேன் அக்கா. அந்த ஊரை, அந்தக் காப்பை, அந்த அம்மனை, ஒன்றையும் விடவில்லை. போன வாரம் கீர்த்தனா கடைக்கு வந்தாள். புதுக்கோட்டையில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. சேர்கிறாளாம், மார்க் ஷீட் ஜெராக்ஸ் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருசம் திரும்ப எழுதலாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"வேணாம்ணே."

"ஏம்மா, அப்பா விட மாட்டாரா?"

கேட்டதுதான், பொலபொலவென்று கண்ணீர். "அப்பாவ ஒன்னும் சொல்லாதீங்கண்ணே. சாயங்கால பஸ் வந்துச்சு, அப்பாவே 'போறியா'ன்னு கேட்டாக. நாந்தான் காப்புக் கட்டட்டும்னு உக்காந்துட்டேன்."

"ஏண்டா இப்படிப் பண்ணுன?" என்றேன்.

"பயந்துட்டேண்ணே. அங்க எல்லாரும் இங்கிலீசுலயே கேப்பாக. முன்னாடி அங்க இன்டர்வியூ போன ஆவூர் ஜெசிந்தா அக்காவுக்கு, வாய் வரலைன்னா சாக்பீஸ் கேட்டு வாங்கி கணக்க போர்டுல போட்டுருன்னு டீச்சர் சொல்லி அனுப்புனாங்களாம். அந்தக் காலேஜ் கேட் எதிர்ல டீக்கடையில நிக்கவச்சு, சாக்பீஸ் வேணும்னு இங்கிலீசுல திருப்பித் திருப்பிக் கேக்கச் சொல்லிப் பழக்குனாங்களாம். என்னையும் அப்படிக் கூட்டிப் போறேன்னாங்க. டீச்சர் இல்லாம அந்த சாக்பீஸக்கூட எப்படிக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியலண்ணே."

அவ்வளவுதான் அக்கா. அம்மனும் இல்லை, ஊரும் இல்லை, அப்பனும் இல்லை. நீ இல்லை. அதுதான் காரணம். நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளை, ஒரு சாக்பீஸ் கேட்க ஆளில்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. ரயில் டிக்கெட், தங்குகிற இடம், சர்டிஃபிகேட் என்று அத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்த எனக்கு, அந்தப் பிள்ளையின் நெஞ்சு படபடத்தது மட்டும் தெரியவில்லை. உனக்கு எப்படித்தான் தெரிந்ததோ, அதை ஒரு நாளாவது எனக்குச் சொல்லித் தந்தாயா?

ஜெராக்ஸுக்கு நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் சில்லறையை வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. இனி இந்தக் கடைக்கு வர மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. எனக்கும் யாரையும் கூப்பிட்டு உட்காரவைக்கத் தெம்பில்லை, மனசு விட்டுப்போச்சு.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்கு. முந்தாநாள் சாக்பீஸ் பெட்டி ஒன்று வாங்கி, கல்லாப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பெஞ்சில் இருக்கிற பண்டலையும் இறக்கிவிடுவேன். யாராவது ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால், முதலில் என்னிடம் வாய்விட்டு ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கட்டும், அப்ளிகேஷனெல்லாம் அப்புறம்தான். பத்தாவதோடு நின்ற எனக்கு இதற்கு மேல் தெரியாது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை அக்கா. கேட்க யாரும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் பேரைச் சொன்னால் மட்டுமே தெரிகிற
உன் தம்பி