சனிக்கிழமை கம்ப்யூட்டர்

சனிக்கிழமை, மாட்டுங்கா.

ரிடையர் ஆனதிலிருந்து இவருக்கு அந்தப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் புராணம்தான். "அது மாதிரி இருந்தா நான் தூங்கிண்டே ஓட்டுவேன். இப்ப வர்றதெல்லாம் ஒரு கம்ப்யூட்டரா?" என்பார். ஆசைப்படுகிறாரே என்று, இன்று அவர் செம்பூருக்கு ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்த நேரத்தில், வீடியோவைப் பார்த்துப் பார்த்து, பழைய காலத்துத் தோற்றத்தில் வரும் சிஸ்டம் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே ஏற்றி வைத்தேன். அதே சாம்பல் நிறப் பெட்டிகள், மூலையில் அதே ஸ்டார்ட் பட்டன்.

வந்ததும் உட்கார வைத்தேன். மௌஸைப் பிடித்துக்கொண்டு முழித்தார்.

"ஸ்டார்ட்டை அமுக்குங்கோ."

"அது எங்க இருக்கு?"

"என்னன்னா, மறந்துடுத்தா?"

"மறக்கறதுக்கு என்ன இருக்கு? இதெல்லாம் ஜூனியர் பசங்க பார்த்துப்பா. நான் தொட்டதே இல்லை."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உடனே காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை என்றாலே அப்போதெல்லாம் நடு ராத்திரிதான் வீட்டுக்கு வருவார். கம்ப்யூட்டர் வேலை முடியவில்லை என்பார். எத்தனை வருஷம்! சாதத்தை மூடி வைத்துக்கொண்டு, பாவம், அந்தக் கம்ப்யூட்டரைத்தானே நான் திட்டித் தீர்த்தேன்.