நல்ல நிலையில் உள்ள வீடு

என் அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரும் நலமாக இருக்க வேண்டும். காகிதத்தில் கிரீஸ் கறை இருந்தால் பொறுத்துக்கொள். பணிமனையில், சாப்பாட்டு நேரத்தில், பிரித்துப் போட்ட ஒரு பஸ்ஸின் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். இருப்பது ஒரே அறை. அக்கா காதிலும் குட்டி காதிலும் விழாமல் எந்த மூலையில் நின்று பேசுவது?

புது வீடு கிடைத்துவிட்டதா, வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடவா, இல்லை அவர்கள் கேட்கிறபடி இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவா என்று கேட்டிருந்தாய். சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன், கோபப்படாதே.

பழைய கிடங்குகளை இடித்த இடத்தில் நகராட்சி குறைந்த வாடகைக்கு அடுக்குமாடி கட்டுவது உனக்குத் தெரியும். கூட்டம் போட்டு, கட்டடத்தைப் பொம்மை மாதிரி செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். குட்டி அதில் ஒரு ஜன்னலைத் தொட்டு, அதுதான் அம்மா ரூம் என்றாள். வீடு கேட்பவர்கள் பாதி ஊர், கட்டுவதோ கொஞ்சம். அதனால் நேரில் வந்து பார்ப்பார்கள், இப்போது இருக்கும் வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு முன்னுரிமை என்று முடிவு செய்தார்கள். அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மோசத்தில் நம்மை யார் மிஞ்ச முடியும்? கூரை ஒழுகல், பூசணம் பிடித்த சுவர், திறக்காத ஒற்றை ஜன்னல், அந்த ஈரத்தில் குட்டிக்கு வரும் இழுப்பு. இந்தத் தடவை நமக்குத்தான் என்று நிம்மதியாக இருந்தேன்.

அக்காவிடம், “வீடு பாக்க வர்றாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, தொடர்ந்து இரண்டு நாள் பணிமனையிலேயே தங்கும் வேலைக்கு வந்துவிட்டேன். உன் நாத்தனாரைத்தான் உனக்குத் தெரியுமே! மானம் போய்விடும் என்று ராத்திரி பகல் பார்க்காமல் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்துவிட்டாள். பக்கத்து மாடி வீட்டில் திரைச்சீலை, மேசை விசிறி எல்லாம் இரவல் வாங்கினாள். ஒழுகலுக்கு வைக்கும் வாளியை ஒளித்தாள். குட்டியின் மருந்து, இழுப்புக்கு வைத்துக்கொள்ளும் கருவி எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. குப்பையா வச்சிருக்கிறவங்களை நம்பி யாரு புது வீட்டைக் குடுப்பா என்பது அவள் நியாயம். பாழாய்ப்போன மழையும் அன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை.

பார்க்க வந்த பெண் நல்ல பெண்தான். இவ்வளவு சின்ன இடத்தை எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க, எங்க வீடுகூட இப்படி இருக்காது என்றாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவசரமாக அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்த நான், கூரை ஒழுகுதும்மா என்றேன். அதெல்லாம் எப்பவோ, இப்ப சரியாயிடுச்சு என்று அக்கா முந்திக்கொண்டாள். வந்தவள் நல்ல நிலை என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

எதிர்வீட்டுச் சலவைக்காரர் ஒரு ஈரத்துணியைக்கூட நகர்த்தவில்லை. அவருக்கு வீடு கிடைத்துவிட்டது. நல்ல மனிதர், நன்றாக இருக்கட்டும். ஆனால் கட்டி முடிவதற்கு முன்பே அவர் மூட்டை கட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

அலுவலகத்துக்குப் போய், இன்னொரு தடவை வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். எழுதினது எழுதினதுதான், அடுத்த திட்டத்துல பாக்கலாம் என்றார்கள். அது எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டதற்கு, இன்னும் இடம் தேடிக்கிட்டு இருக்கோம் என்று சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார்கள். அதில் காலி இடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன், எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

இதோடு போகவில்லை. வீட்டுக்காரர் வந்தார். நகராட்சியே நல்ல வீடுன்னு சொல்லிடுச்சே என்று வாடகையைக் கூட்டிவிட்டார். கூரையைப் பற்றிப் பேச்செடுத்தால் அதையே திருப்பிச் சொல்கிறார். வேறு வீடு தேடிப் பார்த்தேன். நம் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

அடித்த வெள்ளை ஒரே மழையில் உரிந்து, பூசணம் பழையபடி வந்துவிட்டது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. முதலில் நானும் கத்திவிட்டேன். ஆனால் வருகிறவர்கள் முன்னால் வீட்டைச் சுத்தமாக வைப்பது தப்பு என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? நீ அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது. வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

குட்டிக்கு இந்த வாரம் இரண்டு இரவு இழுப்பு இருந்தது. இப்போது பரவாயில்லை. நீ பயப்படாதே.

கையெழுத்துப் போட்டுவிடு. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நீ இல்லாமல் எனக்கு எதுவும் ஓடவில்லை, இருந்தாலும் போட்டுவிடு.

குட்டியிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் வீட்டைப் பற்றிக் கேட்பாள். கட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல். அது பொய் ஒன்றும் இல்லை, கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குரல் உடையாமல் சொல்லிவிடு, அது போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் நினைவாக,
உன் வீட்டுக்காரன்