இரண்டே கால் மணி நேரம் திறந்திருந்த மைக்

பிப்ரவரி 3, 2019, ஞாயிறு

வாக்கர் இல்லாமல் சமையலறை வரை போய்ப் பார்க்கலாமென்று கிளம்பி, பாதி வழியில் குளிர்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆன்டெனாக் கம்பத்தை நிமிர்த்த ஏணியில் ஏறி விழுந்து, இடுப்பை உடைத்துக்கொண்டு நாலு மாதம் ஆகிறது. ஜெரூஷாவிடம் இதைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "அறுபது வயசுல உனக்கு எதுக்குப்பா ஏணி?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பாள். மகளிடம் திட்டு வாங்கவும் தெம்பு வேண்டாமா?

மாலை ஏழு மணிக்கு வழக்கம்போல் ரேடியோவில் வருகைப் பதிவு எடுத்தேன். பாறைப் பாதைகளில் ட்ரக் ஓட்டும் எங்கள் கிளப்பின் பதினொரு பேரும் ஆஜர். பள்ளத்தாக்குக்குள் ஒரு வண்டியின் பேச்சு இன்னொரு வண்டிக்கு எட்டாது என்பதால் மலை மேல் ஒரு ரிப்பீட்டர் வைத்திருக்கிறோம். கீழே யார் பேசினாலும் வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொல்லும் பெட்டி. அதற்குக் காவல்காரன் நான். என் நண்பன் டெல்மார், மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் வின்ச் கயிறு அறுந்த கதையை எடுத்தான். மூன்று நிமிடம் ஆனதும் பெட்டி அவன் வாயை அடைத்தது. உடனே ஃபோன்.

"டேய் ஓரின், உன் பெட்டிக்கும் எனக்கும் என்னடா பகை? கயிறு அறுந்த இடம் வர்றப்பல்லாம் கழுத்தைப் பிடிக்குது!"

"விரலை எடுத்துட்டு மறுபடி அமுக்கு. புதுசா மூணு நிமிஷம் தரும்."

"கதை நடுவுல விரலை எடுக்கிறவன் கதை சொல்லவே லாயக்கில்ல."

பிப்ரவரி 5

மூன்று நிமிடப் பூட்டை எடுத்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே கை ரேடியோவில் நாலு எண் தட்டினேன், முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யாராவது தெரியாமல் மைக் மேல் உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லோர் பேச்சும் அடைபட்டுப் போகும் என்று வைத்த பூட்டு அது. இருபது வருடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. தவிர, இது பனிக்காலம். ஓட்டம் தொடங்கியதும் திரும்பப் போட்டுவிடலாம்.

மார்ச் 10, ஞாயிறு

தன் நாய் டீசலுக்குப் பல் பிடுங்கிய கதை. பதினொரு நிமிடம். டெல்மார் சந்தோஷமாகத் தூங்கப் போயிருப்பான்.

ஏப்ரல் 12, வெள்ளி

நாளை ஸ்வெல் பாறைக்காட்டில் இந்த வருடத்தின் முதல் ஓட்டம். நான் வீட்டில், ரேடியோ முன்னால். என் ட்ரக்கை எடுத்துப்போக ஜெரூஷா பிரைஸ் நகரத்திலிருந்து வந்தாள். அங்கே முடிதிருத்தும் கடையில் அவள் நாற்காலிக்குத்தான் கூட்டம். இடக்கைக்காரி, கத்தரிக்கோலை விசேஷமாக வரவழைத்துக்கொள்கிறாள். உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு ஒரு தட்டு நிறையச் சுட்டு வைத்துவிட்டு, என் தலையைப் பார்த்து, "இது என்னப்பா, குருவி கூடு கட்டினாப்ல" என்று பின்னங்கழுத்தை மட்டும் சரி செய்தாள்.

அவளைக் கடைசி வண்டியாகப் போட்டிருக்கிறார்கள். வழியிலுள்ள மாட்டுப்பட்டிக் கதவுகளையெல்லாம் கடைசி வண்டிதான் இறங்கி மூட வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரே சட்டம்: உன் கண்ணாடியில் பின்வண்டி தெரியவில்லையா, நில். இப்போது அதை யாரும் பார்ப்பதில்லை. ரேடியோ இருக்கிறதே.

ஏப்ரல் 13, சனி

பதிவேட்டில் கிறுக்கியதை அப்படியே எடுத்து எழுதுகிறேன். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

9.40. பதினொரு வண்டிகளும் குறுகல் பாதையில் ஏறின. முதலில் டெல்மார், கடைசிக்கு முன் லாவோன், அவள் பின்னால் கடைசியாக ஜெரூஷா.

10.12. ஜெரூஷா: "ரெண்டாவது கேட் மூடறேன். நீங்க போயிட்டே இருங்க, பிடிச்சுடறேன்."

10.20. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு டெல்மாரின் வண்டி எஞ்சின், சிப்ஸ் பொட்டலம், டெல்மாரின் பாட்டு. மைக் அவன் தொடைக்கடியில் போய்விட்டது. நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

10.30. இன்னும் பாடுகிறான். முன்வண்டியை முந்திப்போய்ச் சொல்ல அந்தப் பாதையில் இடமில்லை. மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் கேலி பண்ணலாமென்று இருந்திருக்கிறார்கள்.

10.45. பூட்டைத் திரும்பப் போட எண்களைத் தட்டினேன். ஏற்கவில்லை. டெல்மார் மலையடிவாரத்திலேயே இருக்கிறான். என் அலை போய்ச் சேருமுன் அவன் அலை அமுக்கிவிடுகிறது. பன்னிரண்டு தடவை தட்டினேன்.

11.08. டெல்மார் வண்டி ஏதோ ஓடைக்குள் இறங்கியிருக்க வேண்டும். சத்தம் தேய்ந்தது. அந்த இடைவெளியில் ஜெரூஷா: "அப்பா, கேக்குதா? வண்டி சாஞ்சுடுச்சு. கை அடியில மாட்டி—" அப்புறம் மறுபடி டெல்மார்: "டீசல், ஜன்னலை நக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

11.10. ஷெரீஃப் அலுவலகத்துக்கு ஃபோன். "எந்த இடம் சார்?" தெரியாது. இரண்டாவது கேட்டுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் இருபது மைல். மூன்று கிளைப்பாதை. ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அங்கே செல்போன் எதுவும் எடுக்காது.

11.31. "யாராவது இருக்கீங்களா—" அவ்வளவுதான். நான் மைக்கை அமுக்கிக் கத்தினேன். என் கத்தல் எங்கே போகும்? டெல்மாரின் பாட்டுக்கு அடியில்.

11.52. "அப்பா."

12.35. டெல்மார் சாப்பிட இறங்கினான். மைக் விடுபட்டது. நான் கத்தியதில் பத்து வண்டிகளும் நின்றுவிட்டன. லாவோன்: "ஐயோ, ஜெரூஷா பின்னாடி வரலையா?" அப்புறம் என் மகள், ரொம்ப மெதுவாக: "இங்கதான் இருக்கேன். கேட்லேர்ந்து ரெண்டு மைல்."

அங்கே ஒரு வண்டி திரும்பிப் போய்ச் சேர ஐம்பது நிமிடம்.

ஏப்ரல் 15, திங்கள்

ஜெரூஷாவை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். என்னை டெல்மார்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தான். நாலு மணி நேரப் பயணத்தில் வாயே திறக்கவில்லை. இவன் வாய் திறக்காமல் நான் பார்த்ததே இல்லை.

கதவுச் சட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கை மேல் கிடந்திருக்கிறது. இடக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம்.

"ஒரு மணி நேரத்துல வந்திருந்தா?" என்று டாக்டரைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"காப்பாத்தியிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது" என்றார்.

ஒரு வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நிற்கிறேன். இதற்கா ஒரு அப்பன்?

ஏப்ரல் 16

பூட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது.

ஏப்ரல் 28, ஞாயிறு

கிளப் கூட்டம். என்னால் போக முடியவில்லை. லாவோன் ஃபோனில் சொன்னாள்.

"டெல்மாரைக் கிளப்லேர்ந்து எடுத்துட்டோம் ஓரின். ரெண்டு மணி நேரம் மைக் மேல உக்காந்திருக்கான், ஒரு மனுஷனுக்குத் தெரியாதா? இனி வருகைப் பதிவுல அவன் பேரைக் கூப்பிடாதீங்க."

'உன் கண்ணாடியில் என் மகள் தெரியவில்லையே, நீ ஏன் நிற்கவில்லை?' என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

மாலை பதிவு எடுத்தேன். பெயர்களை வாசித்தேன். டெல்மார் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனேன். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். எனக்குத் தெரியும்.

மே 9, வியாழன்

ஜெரூஷா நாலு நாளாக என் வீட்டில்தான். நான் வாக்கரோடு, அவள் கட்டோடு. ஒரு ஜாம் பாட்டிலைத் திறக்க இரண்டு பேரும் சேர்ந்து கால் மணி நேரம். திறந்ததும் அவள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். நான் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே இருந்தேன்.

சாப்பிடும்போது தானாகவே பேசினாள். "எனக்கு எல்லாம் கேட்டுதுப்பா. டெல்மார் அங்கிள் பாட்டு பூரா. வாயை மூடுங்கன்னு கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அப்புறம், நிறுத்திடாதீங்கன்னு இருந்தது. அது நின்னா நான் தூங்கிடுவேனோன்னு பயம்."

பிறகு கேட்டாள். "அந்த மூணு நிமிஷப் பூட்டு ஏன்ப்பா வேலை செய்யல?"

ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்கு அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். கேட்காமல் இருப்பாளா?

"பழைய பெட்டி" என்றேன்.

மே 10

பழைய பெட்டியாம். த்தூ.

மே 25, சனி

வாசலில் டெல்மார். உள்ளே வரமாட்டேன் என்றான். ரேடியோவைக் கழற்றி ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தான்.

"யாருக்காவது குடுத்துடு. எனக்கு எதுக்கு இனிமே?"

"டேய், உள்ள வாடா. காபி போடறேன்."

"அவ உள்ள இருக்காளா?"

"இருக்கா."

"அப்ப வேணாம். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்? நான் தடியன்டா ஓரின். தொடை மரத்துப் போச்சுன்னு நினைச்சேன். மைக்னு தோணவே இல்ல."

இதோ, இப்போது சொல்லிவிடு என்று ஒவ்வொரு நொடியும் எனக்கே சொல்லிக்கொண்டேன். வாக்கர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். அவன் படியிறங்கிப் போனான். நாய் வண்டியிலிருந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ஏன் சொல்லவில்லை? மகள் போய்விடுவாள் என்று பயம். அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 2, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஏழு மணிப் பதிவில், முதல் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால். பிப்ரவரியில் பூட்டை எடுத்தது நான், நண்பன் கதை அறுந்துபோகக் கூடாதென்று எடுத்தேன், திரும்பப் போட மறந்தேன், பூட்டு இருந்திருந்தால் 10.23-க்கு டெல்மாரின் மைக் அடைபட்டிருக்கும், எல்லோரும் பெட்டி இல்லாமல் பக்கத்து வண்டியோடு நேராகப் பேசும் அலைவரிசைக்கு மாறி வண்டிகளை எண்ணியிருப்பீர்கள் என்று. விரலை எடுத்தேன். லாவோன், "கேட்டோம்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த அறையில் ஜெரூஷாவும் கேட்டிருக்கிறாள். நான் எழுந்து நிற்பதற்குள் பையை எடுத்துவிட்டாள்.

"அன்னிக்கு நேரா உன்கிட்ட கேட்டேனே. பழைய பெட்டின்னியே."

"ஜெரூ, கண்ணு—"

"விரல் போனது கூடப் பரவாயில்லப்பா. மேசைல உக்காந்து ஜாம் தடவிக்கிட்டே பொய் சொன்னே பாரு."

ஒரு கையால் ஓட்டிக்கொண்டு பிரைஸுக்குப் போகிறாள். வளைவுகள் நிறைந்த சாலை. நான் ஜன்னலில் நின்றேன். வேறென்ன செய்ய?

ஜூன் 3

டெல்மார் ஃபோன். லாவோன் சொல்லித் தெரிந்திருக்கிறது. "ஏழு வாரம்டா. சர்ச்ல என் பெஞ்சுல ஒருத்தரும் உக்காரல. நீ ஞாயித்துக்கிழமை தவறாம என் பேரைத் தாண்டிப் போனே. கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்." வைத்துவிட்டான்.

ஜூன் 9, ஞாயிறு

ரிப்பீட்டர் பொறுப்பை லாவோன் வாங்கிக்கொண்டாள். நியாயம்தான். பதிவில் டெல்மாரின் பெயரைக் கூப்பிட்டாள்; பதில் இல்லை. ஜெரூஷாவைக் கூப்பிட்டாள், பதில் இல்லை. என்னைக் கூப்பிட்டாள். ஆஜர் என்றேன்.

ஜூன் 16

அப்பாக்கள் தினமாம். ஃபோனை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 24, திங்கள்

காலை பத்து மணிக்கு ஜெரூஷா. கதவைத் தட்டவில்லை, நேரே வந்தாள். கையில் கடையின் கருப்புப் பெட்டி. சமையலறை நாற்காலியை இழுத்து வெளிச்சத்தில் போட்டாள்.

"உக்காரு."

உட்கார்ந்தேன். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள். மிச்சமிருந்த இரண்டு விரலால் ஒரு முனையைப் பிடித்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"வலது கையில பழகறேன். பொம்மைத் தலைல மூணு வாரம் ஆச்சு. பொம்மை கத்தாது. கத்துற தலை வேணும். கடைல யார் குடுப்பா?"

"நான் இருக்கேனே."

"டெல்மார் அங்கிளுக்கு முடி இருந்தா அவர்கிட்டதான் போயிருப்பேன். நேத்துப் பார்த்தேன் அவரை. நிறையப் பேசினார்."

"என்ன சொன்னான்?"

"தலையை ஆட்டாதே."

வலது கை அவளுக்குச் சொன்ன பேச்சு கேட்கவில்லை. கத்தரிக்கோல் ஒரு இடத்தில் கொத்தாகக் கவ்வியது, இன்னொரு இடத்தில் காற்றை வெட்டியது. இடது காது மடலில் ஒரு வெட்டு விழுந்தது. நான் பல்லைக் கடித்தேன்.

"வலிச்சா சொல்லணும். சொல்லாம இருந்தா நான் எப்படிக் கத்துக்கறது?"

"வலிக்குதும்மா."

"ம்." பஞ்சை வைத்து அழுத்தினாள். ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. முன்பெல்லாம் பத்து நிமிட வேலை. தரையைக் கூட்ட நான் எழுந்தால், "உக்காரு" என்றாள். தானே கூட்டினாள், துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு. காபி குடிக்கவில்லை.

அவள் போனபின் கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் மேய்ந்த வயல், மறுபக்கம் மேயாத வயல். அடுத்த திங்கள் வருவாளாம், போகும்போது சொன்னாள். அதற்குள் என்ன வளர்ந்திருக்கும் என்றேன். "இருக்கிறதுல வெட்டறேன்" என்றாள்.